யாரும் தூக்கக் கூடாது

மெட்ராஸ்ல இருக்குற ஓட்டல்காரங்க எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட பாடம் படிச்சிட்டு வந்தவங்கன்னு நெனைக்கிறேன். போன் பண்ணி, "வீல்சேர்ல வர்றவங்களுக்கு ரூம் இருக்கா?"ன்னு கேட்டா, "லிஃப்ட் இருக்கு மேடம்"னு பெருமையா சொல்லுவாங்க. "லிஃப்ட் வரைக்கும் எப்பிடி வர்றது?"ன்னு கேட்டா அந்தப் பக்கம் யாரையோ கூப்புட்டு விசாரிப்பாங்க. அப்புறம், "வாசல்ல மூணே மூணு படிதான் மேடம். பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க."

பசங்க இருக்காங்களாம். நான் என்னா கேஸ் சிலிண்டரா?

என் பேரு செந்தாமரை. நெய்வேலி டவுன்ஷிப்புல கீழ் போர்ஷன் குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி முதுகுத்தண்டுல ஒரு கட்டி வந்துச்சி. ஆபரேஷன் பண்ணாங்க. உசுரு தங்கிச்சி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி தங்கல. அன்னையிலேர்ந்து என்னைத் தூக்குறது எங்க வூட்டுக்காரர் சிங்காரவேலுவோட வேலை. கட்டில்லேர்ந்து சேருக்கு, சேர்லேர்ந்து பாத்ரூமுக்கு, வாசப்படியிலேர்ந்து ரோட்டுக்கு. மைன்ஸ்ல அவருக்கு பெர்மனென்ட் வேலை, ஷிஃப்ட் மாறிகினே இருக்கும். இந்த வேலைக்கு ஷிஃப்டும் கெடையாது, ஆஃபும் கெடையாது.

அவரு நல்ல மனுசன். அதை நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா எனக்கு தூக்குறது புடிக்கல. கல்யாண மண்டபத்துல நாலு பேரு சேரோட என்னைத் தூக்குவாங்க. மேடையில தாலி கட்டிகினு இருக்குறவங்களை வுட்டுட்டு சனம் பூரா என்னைத் திரும்பிப் பாக்கும். பொடவை ஒரு பக்கம் ஏறும், செருப்பு ஒரு பக்கம் வுழும். ஒரு கட்டத்துல கல்யாணத்துக்குப் போறதையே நிறுத்திட்டேன். போன வருஷம் ஒரு வழுக்குப் பலகை வாங்கி, கட்டில்லேர்ந்து சேருக்கு நானே நகந்து மாறக் கத்துகினேன். எங்க, பலகையை எடுக்குறதுக்குள்ள அவரு கை என் முழங்காலுக்கடியில வந்துரும்.

இந்த மெட்ராஸ் யோசனையைக் கெளப்பிவுட்டது கமர் நிஷா. மந்தாரக்குப்பத்துக்காரி, என்னைவிட பத்து வயசு சின்னவ. சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலுலயும் காலிப்பர், கையில ஊனுகோல். அடையாள அட்டை முகாம்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் சேர்ந்து ஆபீசரைத் திட்டி சிநேகிதம் ஆனவங்க. அவ ஒரு நாளு போன்ல ஒரு வீடியோ காட்டுனா. மெட்ரோ ரயில். வீல்சேர்ல ஒரு பொண்ணு, லிஃப்ட்ல எறங்கி, பிளாட்பாரத்துல உருட்டிகினு வந்து, கதவு தெறந்ததும் அப்பிடியே உள்ள போயிட்டா.

"பாருக்கா, ஒருத்தன் கூட தூக்கல"ன்னா நிஷா.

திருப்பித் திருப்பிப் பாத்தேன். பொறாமையா இருந்துச்சி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். மூணு நாளு மெட்ராஸ். நானும் நிஷாவும் மட்டும், கூட ஆம்பளைங்க வேணாம். மூணு நாளும் யாரும் என்னைத் தூக்கக் கூடாது. அவ்ளோதான் பிளான்.

சாப்பாடு போடும்போது இவருகிட்ட சொன்னேன்.

"நான் வரலியா?"ன்னாரு.

"இல்லங்க."

"அப்ப யாரு தூக்குவா?"

"தூக்கத் தேவையில்லாத எடமா பாத்துதான் போறோம்."

அவரு கோவக்காரரு. கொழம்புல உப்பு கம்மின்னா பக்கத்து பிளாக்குக்குக் கேக்கும். அன்னைக்கு கைய கழுவிகினு போயி செடிக்குத் தண்ணி ஊத்துனாரு. அப்பதான் மழை பேஞ்சி வுட்டுருந்துச்சி.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கு இதே வேலைதான். போன எடுத்தா வெக்கிறதில்ல. எந்த மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட் எந்தப் பக்கம், தாழ்தளப் பஸ்சு எந்த ரூட்ல ஓடுது, எந்தக் கடையில வாசல்ல சரிவு இருக்கு, எங்க நாங்க போற மாதிரி கக்கூஸ் இருக்கு, எல்லாம் விசாரிச்சேன். மெரினாவுல மணல் மேல மரப்பாதை போட்டுருக்காங்க, சேரை உருட்டிகினே தண்ணி கிட்ட போவலாம்னு கேள்விப்பட்டதும் எனக்கு தூக்கமே வரல. கடல் நமக்கு புதுசா என்னா, கடலூரு பக்கத்துலதான் இருக்கு. ஆனா அங்க போறப்பல்லாம் நான் வண்டிக்குள்ள உக்காந்துதான் கடலைப் பாப்பேன். மணல்ல சேரு புதைஞ்சிக்கும். தூக்கிகினு போவ இவரு கதவைத் தெறக்க வருவாரு, நான் உள்பக்கமா லாக் போட்டுக்குவேன். நிஷாவுக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல. நல்ல பிரியாணியும், ஏ.சி. தியேட்டர்ல ஒரு படமும், நாள் பூரா மெட்ரோவுல போயிகினு வந்துகினு இருக்குறதும் போதும்னுட்டா.

கஷ்டமே ரூம்தான். "பசங்க இருக்காங்க"ன்னு சொன்ன ஓட்டலையெல்லாம் வரிசையா அடிச்சிட்டேன். ரெண்டு எடத்துல படி இல்ல, ஆனா பாத்ரூம் கதவு சந்து மாதிரி இருந்துச்சி. ஒருத்தன், "பாத்ரூம் வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுத் தர்றோம் மேடம்"ங்கிறான். "நீ அதுலயே உக்காந்து குளி"ன்னு சொல்லி போனை வெச்சிட்டேன்.

கடைசியா எக்மோர் பக்கம் ஒரு சின்ன ஓட்டல். வரவேற்புல காயத்ரின்னு ஒரு பொண்ணு எடுத்துச்சி. நான் கேட்டதும் உடனே இருக்குன்னு சொல்லல. "இருங்க மேடம், அளந்து பாத்துட்டுச் சொல்றேன்"னு டேப் எடுத்துகினு போயி, கதவை அளந்து, கீழ் மாடி ரூமை வீடியோ எடுத்து அனுப்புனுச்சி. ரோட்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு படி இல்ல. "இந்த மாதிரி ரூம் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான், சீக்கிரம் சொல்லிடுங்க"ன்னுச்சி. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

அடுத்தது ரயிலு. எக்மோர்ல எறங்க சரிவுப் பலகை தர்றோம்னுட்டாங்க. இங்க விருத்தாசலத்துல ஏறுறதுக்குத்தான் வழி இல்ல. நிஷாவோட தம்பி சாதிக் அலி கிரில் பட்டறை வெச்சிருக்கான். அலுமினியத் தகட்டுல மடக்குற மாதிரி ஒரு சரிவு அடிச்சிக் கொண்டாந்தான். எங்க குவார்ட்டர்ஸ் வாசப்படியிலதான் வெள்ளோட்டம். ஏறுனேன், எறங்குனேன், இன்னொரு தடவை ஏறுனேன். கை சதை பிச்சிகிச்சி, ஆனா ஏறிட்டேன். நிஷா விசில் அடிக்கிறா. இவரு தகட்டைத் தட்டிப் பாத்துகினு, "மழை பேஞ்சா வழுக்குமே"ன்னாரு. "பேயட்டும்"னேன்.

மனசுக்குள்ள கஷ்டம் அந்த மனுசனுக்கு. எனக்குத் தெரியாமயா இருக்கும்? "டிக்கெட்டாவது நான் போடுறனே"ன்னாரு. சரி, அதையாவது செய்யட்டும்னு வுட்டேன். விருத்தாசலத்துல ராத்திரி பன்னெண்டு அம்பதுக்கு வண்டி, விடிகாலையில எக்மோர். வியாழக்கிழமை ராத்திரி கெளம்புறோம். வியாழக்கிழமை தேதிக்கு டிக்கெட் போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. நான் கண்ணாடியைப் போட்டுகினு பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சி. நிஷாவுக்கு அனுப்புனேன், அவளும் பாத்தா. காயத்ரிக்கும் அனுப்பி, இந்த வண்டியில வர்றோம், ரூமை எடுத்து வையிம்மான்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை காலையில பொட்டிக்குள்ள பொடவையை அடுக்கிகினு இருக்கேன், போன் அடிக்குது. காயத்ரி.

"என்ன மேடம், ட்ரெயின் லேட்டா? அஞ்சு மணிக்கே வந்துடுவீங்கன்னு பாத்துகிட்டே இருக்கேன்."

"ராத்திரிதான்மா கெளம்பவே போறோம்."

"இல்ல மேடம், டிக்கெட்ல இன்னைக்குத் தேதிதான். பன்னெண்டு அம்பது. அது விடிஞ்சா வியாழக்கிழமைங்கிற வண்டி. அது வந்து சேந்து நாலு மணி நேரம் ஆச்சி."

எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் வெளங்கல. கண்ணாடியைப் போட்டுகினு டிக்கெட்டை இன்னொரு தடவை பாத்தேன். ராத்திரி பன்னெண்டுக்கு மேல அடுத்த நாளு பொறந்துருதே! நாங்க நல்லா தூங்கிகினு இருக்கும்போது எங்க வண்டி விருத்தாசலத்தைத் தாண்டிப் போயிருக்கு.

மத்தவங்க சிரிப்பாங்க. ஆனா ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க வூட்டுல வந்து பாருங்க. வியாழக்கிழமை நைட் ஷிஃப்ட் போனாருன்னா, மறுநாளு காலையில வூட்டுக்கு வந்து குளிச்சி சாப்புட்டுப் படுக்குற வரைக்கும் அது வியாழக்கிழமைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்குப் போன் பண்ணாலும் எங்களுக்கு அது வியாழக்கிழமை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வூட்டுக் கிழமை அப்பிடித்தான் மாறுது.

இதெல்லாம் இப்ப நிதானமா சொல்றேன். அப்ப எங்க நிதானம்? காயத்ரி இன்னொண்ணும் சொல்லிச்சி. இன்னைக்கு ராத்திரிக்குள்ள வந்துட்டா ரூமு உங்களுக்கு, இல்லன்னா மேனேஜர் வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு, அப்புறம் கல்யாண சீசன், எப்ப காலியாவும்னே சொல்ல முடியாதுன்னு. போனை வெச்சிட்டு டிக்கெட்டை இவரு முன்னாடி நீட்டுனேன்.

"வியாழக்கிழமைன்னுதானே போட்டுருக்கு?"ன்னு பாத்தவரு, அப்பிடியே நின்னுட்டாரு. மொகம் வெளுத்துப் போச்சி.

"வேணும்னுதானே பண்ணீங்க?"ன்னேன்.

அவரு டிக்கெட்டை மடிச்சி மேசை மேல வெச்சாரு.

"நான் போவக் கூடாதுன்னுதானே! காலம் பூரா உங்க கையையே புடிச்சிகினு கெடக்கணும், அதானே? சொல்லுங்களேன்!"

திட்டியிருக்கலாம். பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ஒரு சொல்லு வரல. சட்டையை மாட்டிகினு வெளிய போயிட்டாரு. அழுதுகினே நிஷாவுக்குப் போன் போட்டேன். அவ பூரா கதையும் கேட்டுட்டு, "யா அல்லா! ஏன்க்கா, நீயும் பாத்த, நானும் பாத்தேன். அண்ணனை மட்டும் ஏன் வறுக்கிற?"ன்னா. அப்புறம், "ஒப்பாரியை நிறுத்து. பகல் வண்டி இருக்கு. நம்மள மாதிரி மாற்றுத்திறனாளிங்களுக்குன்னு இருக்குற பெட்டிக்கு ரிசர்வேஷன் எதுக்கு? சாதிக்கைக் குட்டியானையை எடுத்துகினு வரச் சொல்றேன், பொட்டியை மூடு"ன்னா.

குட்டியானைன்னா அவன் பட்டறையில கம்பி ஏத்துற சின்ன லோடு வண்டி. அதுல சரிவைப் போட்டு நானே ஏறி, சேரைக் கயித்தால கட்டிகினு உக்காந்தேன். வண்டி கெளம்புற நேரத்துக்கு இவரு எங்கேர்ந்தோ வந்தாரு. பின்னாடி ஏறி, சேரோட பிடியைப் புடிச்சிகினு நின்னாரு. விருத்தாசலம் போற வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சைப் பாத்துக்கல.

ஸ்டேஷன்ல எங்க பெட்டி கடைசியில வரும்னு நாங்களா நெனச்சிகினு பின்னாடி போயி நின்னோம். அவசரத்துல யாரையும் கேக்கல. வண்டி வந்து நின்னா, அது எஞ்சினுக்குப் பக்கத்துல போயி நிக்குது. சாதிக் தகட்டைத் தூக்கிகினு ஓடுறான். நான் உருட்டுறேன், உருட்டுறேன். எதுக்க கூடைக்காரங்க, பொட்டிக்காரங்க, தள்ளுமுள்ளு. நிஷா ஊனுகோலை வெச்சிகினு பின்னால மூச்சு வாங்குறா. பாதி தூரம் கூட போவல, சிக்னல் வுழுந்துருச்சி.

பக்கத்துலயே ஒரு பெட்டி கதவு தெறந்து கெடந்துச்சி. சின்னக் கதவு, உள்ள ஏற படி. சேரு போவாது. ஆளைத் தூக்கி உள்ள வெச்சிட்டு சேரை மடக்கி ஏத்துனா ஆச்சி. கண்ணை மூடித் தொறக்குற வேலை, இவருக்குக் கைவந்த வேலை. இவரு சுத்தி வந்து என் முன்னாடி குனிஞ்சாரு. எனக்கு எல்லாம் வுட்டுப் போச்சி. சரி, என் தலையெழுத்துன்னு கண்ணை மூடிகினேன்.

கை வரல.

கண்ணைத் தொறந்தேன். குனிஞ்ச வாக்குல நிக்கிறாரு. ரெண்டு கையும் என் முழங்காலுக்குக் கிட்ட வந்து அப்பிடியே நிக்குது. வேர்த்து ஊத்துது.

"தூக்கட்டா?"ன்னாரு.

பதினெட்டு வருஷத்துல என்னை அவரு ஒரு தடவை கூட கேட்டதில்லீங்க. தூக்கிடுவாரு, அவ்ளோதான். இப்பிடி ஒரு வார்த்தை அவரு வாயிலேர்ந்து வரும்னே எனக்குத் தெரியாது. சரின்னு சொல்லியிருந்தா வண்டி கெடைச்சிருக்கும். யாரா இருந்தாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. நான் என்னா சொன்னேன் தெரியுமா?

"வேணாம்."

அவரு நிமுந்தாரு. கையைக் கீழ வுட்டாரு. என் பக்கத்துல வந்து நின்னுகினாரு. வண்டி கெளம்பி, கடைசிப் பெட்டி வரைக்கும் எங்க முன்னாடியே போச்சி. ரெண்டு பேரும் பாத்துகினு இருந்தோம்.

"ரெண்டு பேருக்கும் மண்டை கொழம்பிப் போச்சா!"ன்னு நிஷா கத்துனா. "கையில வந்த வண்டியை வுட்டுட்டு சிலையாட்டம் நிக்கிறீங்களே!"

"அடுத்த வண்டி இருக்குல்ல, போவட்டும்"னாரு இவரு. அப்பதான் எனக்கு அழுகை பொத்துகினு வந்துச்சி. காலையில அழுதது கோவத்துல. இது அது இல்ல.

நிஷாவும் சாதிக்கும் டீ குடிக்கப் போனாங்க. இவரு பெஞ்சுல உக்காந்தாரு. நான் சேரை அவரு பக்கம் திருப்பிகினேன்.

"வேணும்னு பண்ணல, தாமரை."

"தெரியுங்க. நானும்தானே பாத்தேன். கோவத்துல கண்டதைப் பேசிட்டேன்."

தோள்ல கெடந்த துண்டை எடுத்து மடியில மடிச்சி வெச்சாரு. அப்புறம், "ராத்திரி வண்டி போயிடுச்சின்னு காலையில தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் சந்தோசமாத்தான் இருந்துச்சி"ன்னாரு. "பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியல."

இதுக்கு நான் கோவப்பட்டிருக்கணும். வரல.

"உன்னைத் தூக்க ஆளு வேணாம்னா, அப்புறம் நான் எதுக்குன்னு ஆயிடுச்சி"ன்னாரு.

"அட மனுசா!"ன்னேன். "தூக்குறதுக்கா உங்களைக் கட்டிகினேன்? கட்டிகினப்ப நான் ஓடிகினுதானே இருந்தேன்?"

என்னையே பாத்தாரு. அப்புறம் சிரிப்பு வந்துருச்சி. "ஓடிகினுதான் இருந்த. சேத்தியாத்தோப்பு சந்தையில என்னை வுட்டுட்டு முன்னாடி முன்னாடி போவ, பொடி நடையில உன்னைப் புடிக்க முடியாது"ன்னாரு. துண்டால மொகத்தைத் தொடச்சிகினாரு, கண்ணையும் சேத்து.

அடுத்த வண்டி சாயங்காலத்துக்கு முன்னாடியே வந்துச்சி. இந்தத் தடவை இவரு முன்கூட்டியே ஒரு போர்ட்டரைக் கேட்டு, பெட்டி நிக்கிற எடத்துலயே எங்களைக் கொண்டுபோயி நிறுத்தியிருந்தாரு. அகலக் கதவு. சாதிக் தகட்டை விரிச்சி வாசல்ல மாட்டுனான். நிஷா மொதல்ல புடிச்சி புடிச்சி ஏறிகினா. அப்புறம் நான்.

வூட்டு வாசப்படியை விட இது செங்குத்தா இருந்துச்சி. மொத தள்ளு, ரெண்டாவது தள்ளு, நடுவுல கை நின்னு போச்சி. சக்கரம் கொஞ்சம் பின்னால சறுக்குச்சி. பின்னாடி சாதிக் கை நீட்டுறது தெரியுது.

"டேய், தொடாத"ன்னாரு இவரு. "அவ கேக்கல."

சாதிக் கையை இழுத்துகினான். நான் பல்லைக் கடிச்சிகினு இன்னொரு தள்ளு தள்ளுனேன். ஏறிட்டேன். உள்ள நிஷா கை தட்டுறா, பெட்டியில இருந்த ஒரு பெரியவரும் எதுக்குன்னே தெரியாம சேந்து தட்டுறாரு. சேரைத் திருப்பி வாசல் பக்கம் வந்து பாத்தேன்.

கீழ இவரு நிக்கிறாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துப் புடிச்சிகினு நிக்கிறாரு. அதுங்க தானா என்கிட்ட வந்துடப் போவுதுன்னு பயம். வண்டி நகந்துச்சி. நான் கையாட்டுனேன். மனுசன் தலையை ஆட்டுனாரு, கண்ணு கலங்குனாரு, பத்திரம்னாரு. டாட்டா காட்டக்கூட அந்தக் கையை அவுக்கல.